கைப்பக்கம்

மாமனாருக்குத் தும்மல் என்றால் ஒன்றோடு நிற்பதில்லை, ஏழு வரும். முதல் தும்மலிலேயே வீட்டிலுள்ளோர் விரல் மடக்கி எண்ணத் தொடங்கிவிடுவர். ஏழாவது முடிந்ததும், பெரிய காரியமொன்றைச் சாதித்தவர்போல் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். இத்தனை நாளும் அது வீட்டின் வேடிக்கைகளுள் ஒன்றாகவே இருந்து வந்தது. அந்த மாதம் ஏழு என்பது பதினான்காயிற்று, பதினான்கு இருபத்தொன்றாயிற்று. மருத்துவர் அவருடைய மார்பில் குழலை வைத்துக் கேட்டார். "வீட்டுக்குள்ள மரத்தூள் பறக்கிற வரைக்கும் இது போகாதுங்க," என்று சொல்லிவிட்டார்.

மரத்தூள் எங்கிருந்து பறக்கிறது என்று எவரும் ஆராய வேண்டியிருக்கவில்லை. பின்னறையில் மாமியாரின் கடைசல் இயந்திரம் நின்றது. ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற மறுவாரமே மரக்கடைசல் கற்பிக்கும் மாலை வகுப்பொன்றில் சேர்ந்தார். பழைய இயந்திரம் ஒன்றையும் வாங்கிவந்தார். சுழலும் கட்டையில் உளியைக் கொடுத்து அவர் கடைந்தெடுத்த கிண்ணங்களும், மெழுகுவத்தித் தாங்கிகளும், சதுரங்கக் காய்களும் ஈராண்டுக்குள் வீட்டு அலமாரிகளை நிறைத்தன. தூள் வெளியே வராதிருக்க அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டுதான் கடைவார். ஆயினும், தூள் என்பது வதந்தியைப் போன்றது. கதவிடுக்கே அதற்கு ராஜபாட்டை.

மருத்துவர் சொன்ன அன்று மாலையே மாமியார் தொலைபேசியை எடுத்தார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் முன்பே அந்த இயந்திரத்தை விலைக்குக் கேட்டிருந்தார். "சனிக்கிழமை மத்தியானம் வண்டியோட வந்து எடுத்துக்கிட்டுப் போங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் துணி மடிக்க உட்கார்ந்தார்.

"ஏன் அத்தை இப்படி அவசரப்பட்டுட்டீங்க?" என்று கேட்டாள் மருமகள்.

"ரெண்டு வருஷம் ஆசை தீரக் கடைஞ்சாச்சும்மா. எனக்கு இது போதும்."

மருமகளுக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் 'போதும்' என்ற சொல்லுக்குத் தனி இலக்கணம் உண்டு. திருமணம் ஆன மறுவாரமே அவளுடைய கணவன் அதைப் பாடம் நடத்துவதுபோல் நடத்தியிருந்தான். மாமியார் சாப்பிடும்போது 'போதும்' என்றால் இன்னொரு கரண்டி வைக்கவேண்டும். 'போதும் போதும்' என்றால் அரைக் கரண்டி. தட்டின்மீது கையைக் குறுக்கே நீட்டினால்தான் உண்மையிலேயே வயிறு நிறைந்தது என்று பொருள். பிறர்க்கு அள்ளிக் கொடுக்கத் தெரிந்த அவருக்குத் தமக்கென ஒன்றைக் கேட்கும் பழக்கம் மட்டும் வரவே இல்லை. கை குறுக்கே நீண்டதா என்று மருமகள் பார்த்தாள். இல்லை. இரண்டு கைகளும் ஒரே தலையணை உறையை மூன்றாம் முறையாக மடித்துக்கொண்டிருந்தன.

மருமகள் மின்பணியாளர். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் எட்டு ஆண்டுகள் வேலை செய்தவள். சென்ற மாதம்தான் சொந்த உரிமம் பெற்றிருந்தாள். மாமனார் அவளுக்கு வைத்திருந்த செல்லப்பெயர் 'கரண்ட்டு'. "மத்த வீட்டுக்கெல்லாம் கரண்டி பிடிக்கிற மருமக வந்தா, நம்ம வீட்டுக்குக் கரண்ட்டு பிடிக்கிற மருமக வந்திருக்கா," என்று அவர் சொல்லாத விருந்தினர் இல்லை.

அன்றிரவு சாப்பாட்டின்போதே அவள் பேச்சை எடுத்தாள்.

"அத்தை, கொல்லையில ஷெட்டு சும்மாதானே கிடக்கு? மிஷின் அங்க போகட்டும். நான் கரண்ட் கொண்டுவந்து குடுக்கிறேன்."

கொல்லைக் கோடியில் இருந்த அந்தக் கொட்டகை செங்கற் சுவரும் தகரக் கூரையும் கொண்டது. நல்ல வெளிச்சம் வரும் சன்னல் ஒன்று உண்டு. உள்ளே மூன்று கால் நாற்காலியும், சக்கரமில்லாத மிதிவண்டியும், 'என்றாவது உதவும்' என்று மாமனார் சேர்த்துவைத்த காலி வண்ண டப்பாக்களும் குடியிருந்தன.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? அதான் சனிக்கிழமை ஆளு வர்றேன்னு சொல்லிட்டாரே."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சு, மின் ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டா மிஷின் நம்ம வீட்டுலயே இருக்கும். அவர் போடலைன்னா, நீங்க சொன்னபடியே சனிக்கிழமை போகட்டும். அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். சம்மதமா?"

மாமியார் வாய் திறக்குமுன் மாமனார் கையைத் தூக்கினார். "எனக்குச் சம்மதம். தும்முறவன் நான்தானே?"

திங்கட்கிழமை காலையில் மருமகள் அளவு நாடாவும் பென்சிலுமாய்க் கொட்டகைக்குள் நின்றாள். இதுவரை அவள் செய்த வேலைக்கெல்லாம் ஒப்பந்தக்காரர்தாம் கையெழுத்திட்டார். இந்தக் கொட்டகைதான் அவளே கையெழுத்திடப்போகும் முதல் வேலை. அதனால் மனத்துக்குள் ஒரு படபடப்பும் இருக்கத்தான் செய்தது. இயந்திரம் சன்னலோரச் சுவரை ஒட்டி வருவது என்று முடிவாயிற்று.

"சொல்லுங்க அத்தை. பிளக் பாயிண்ட் எங்கெங்க வேணும்? எத்தனை வேணும்?"

மாமியார் கதவருகிலேயே, விருந்தாளியைப்போல் நின்றார். "கைப்பக்கமா ஒண்ணு இருந்தா போதும்மா."

'ஒன்று போதும்' என்றதை மருமகள் உடனே வீட்டு இலக்கணப்படி பெருக்கினாள். இயந்திரத்துக்குப் பெரிய பாயிண்ட் ஒன்று, சாணைக்கல்லுக்கு ஒன்று, தூள் உறிஞ்சிக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று, மேசை விளக்குக்கு ஒன்று, பின்னால் தேவைப்படுவதற்கு ஒன்று, ஆக ஆறு. இயந்திரத்தின் சொந்தச் சுவிட்சு என்றோ செத்துப்போயிருந்தது. பின்னறையில் கதவோரச் சுவிட்சைப் போட்டுத்தான் அவர் அதை ஓட்டி வந்தார். ஆகவே இயந்திரத்தை நிறுத்துவதற்கென்றே உள்ளங்கை அகலச் சிவப்புப் பொத்தான் ஒன்றையும் அவள் கணக்கில் சேர்த்தாள். 'கைப்பக்கம்' என்றாரே, அதனால் அதை இயந்திரத்துக்குப் பின்சுவரில், வலக்கைக்கு நேராகக் குறித்தாள். மாமியாரின் ஒரு சொல்லைப் பொருளறிந்து பிரித்துவிட்ட பெருமிதத்தில், இன்னொரு சொல்லை அவள் பிரிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளம் தோண்டும் படலம். வீட்டு மின்பெட்டியிலிருந்து கொட்டகை வரை தரைக்கடியில் கேபிள் போகவேண்டும். மண்வெட்டியை மாமனார் தம் உரிமையென்று கேட்டு வாங்கிக்கொண்டார். மூக்கைச் சுற்றித் துண்டும் கட்டிக்கொண்டார்.

"எவ்வளவு ஆழம் கரண்ட்டு?"

"ரெண்டடி மாமா."

"ரெண்டு அடி குடுத்தா ஆழம் வந்துருமா? இந்த மண்ணு இருநூறு அடி கேக்கும்போல இருக்கே!"

அரைமணி நேரத்தில் ஏழடி நீளம் தோண்டிவிட்டார். எட்டாவது அடியில் மண்வெட்டி வழிதவறி, மாமியாரின் பூந்தொட்டி ஒன்றை இரண்டாகப் பிளந்தது. சத்தம் கேட்டு மாமியார் வெளியே வந்தார். மாமனார் முந்திக்கொண்டார்.

"மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு பழமொழி இருக்கு. மாமனார் உடைச்சா என்னன்னு எவனும் சொல்லிவைக்கலை."

"நான் சொல்றேன். மாமனார் உடைச்சா, மாமனாரே போய்ப் புதுசு வாங்கிட்டு வரணும்."

"கேட்டியா கரண்ட்டு? நான் இப்படியே கம்பி நீட்டிடவா?"

"கம்பி நீட்டுறது என் வேலை மாமா. நீங்க பள்ளத்தைத் தோண்டுங்க."

புதனன்று பள்ளத்தில் மணல் பரப்பிக் கேபிளைக் கிடத்தி, மேலே எச்சரிக்கை நாடாவை விரித்து மூடினாள். சுவர்களில் குழாய்களைத் தூக்குநூல் பிடித்ததுபோல் நேராக அடித்தாள். மின்கசிவு ஏற்பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைக் கொட்டகைக்கென்றே தனிப்பெட்டியில் பொருத்தினாள். நிலத்தில் எர்த் கம்பியை இறக்கும்போது மாமனார் சம்மட்டி அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் தமக்குப் பிடிக்காத பழைய மேலதிகாரி ஒருவரின் பட்டப்பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்ததால் வேலை விரைவில் முடிந்தது.

சிவப்புப் பொத்தானைப் பொருத்தியபோது மாமியார் தேநீர் கொண்டுவந்து நின்றிருந்தார். மருமகள் திருகாணியை முடுக்கிவிட்டு, ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து அழகு பார்த்தாள்.

"எப்படி அத்தை?"

மாமியார் பொத்தானைப் பார்த்தார். இயந்திரம் வரவேண்டிய இடத்தைப் பார்த்தார். மருமகளின் முகத்தைப் பார்த்தார். "லட்சணமா இருக்கும்மா," என்றார். தேநீர்க் குவளையை மட்டும் ஏனோ இரண்டு முறை கைமாற்றிக்கொண்டார்.

வியாழன் மாலை, பேருந்து ஓட்டுநரான கணவன் பணி முடிந்து வந்ததும் நால்வருமாக இயந்திரத்தைத் தூக்கினர். "வலது பக்கம் ஒடி! லேசா ரிவர்ஸ்! பின்னால செடி இருக்கு!" என்று அவன் பேருந்தை நிறுத்தத்துக்குள் விடுவதுபோலவே வழி சொல்லிக்கொண்டு வந்தான். "ஏறினவங்க எல்லாம் உள்ள போங்க," என்றார் மாமனார். இயந்திரம் கொட்டகைக்குள் குடிபுகுந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஆய்வாளர் வந்தார். நெடிய உருவம், குறைந்த பேச்சு. மேற்பையில் நான்கு பேனாக்கள் இருந்தன. அவற்றுள் சிவப்பை எடுப்பாரா, நீலத்தை எடுப்பாரா என்பதிலேயே மருமகளின் உயிர் ஊசலாடிற்று. அவர் எர்த்தை அளந்தார். ஒவ்வொரு பாயிண்டிலும் சோதனைக் கருவியைச் செருகினார். கசிவுத் துண்டிப்பானை வேண்டுமென்றே தூண்டினார். அது 'டப்'பென்று விழுந்தது. குழாயின் வளைவொன்றை விரலால் தடவிப் பார்த்து, "ம்," என்றார். அது பாராட்டா, இருமலா என்று தெரியவில்லை.

"ஒரு ஷெட்டுக்கு ஆறு பாயிண்டா?"

"எங்க வீட்டுல ஒண்ணு போதும்னு சொன்னா ஆறுன்னு அர்த்தம் சார்," என்றார் மாமனார்.

"மிஷினை ஓட்டப்போறது யாரு?"

மாமியார் முன்னால் வந்தார்.

"ஓட விட்டுக் கடைஞ்சு காட்டுங்கம்மா. நான் 'நிறுத்துங்க'ன்னு சொன்ன உடனே நிறுத்தணும்."

மருமகள் இரண்டு ஆண்டுகளாக அந்தக் கிண்ணங்களில் பழம் தின்றிருக்கிறாள்; அந்தச் சதுரங்கக் காய்களால் மாமனாரிடம் தோற்றிருக்கிறாள். ஆனால் மாமியார் கடைவதை அன்றுதான் முதன்முறையாகக் கண்டாள். கட்டை சுழன்றது. உளி தொட்டதும் மரச்சுருள் நாடாபோல் பறந்தது. இத்தனை காலமும் கதவருகிலேயே நின்ற அந்த அம்மாளைக் காணோம். கால்களை அகட்டி ஊன்றி, கண்களைச் சுருக்கி, வேறொருவர் அங்கே நின்றார்.

"நிறுத்துங்க!"

உளியின் பிடியை விட்ட கை, சுழலும் கட்டைக்கு மேலே குறுக்காக நீண்டு, பின்சுவரில் வலப்பக்கம் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தியது. நீட்டிய கைக்கும் சுழலும் மரத்துக்கும் இடையே நான்கு விரற்கடைகூட இல்லை.

ஆய்வாளர் குறிப்பெழுதிய பேனாவை மூடினார். "இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அதுவே நடந்தது.

"அம்மா, நீங்க இடது கைப்பழக்கமா?"

மாமியார், திருடிய இடத்தில் பிடிபட்டவர்போல் இடக்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்துல அடிச்சு மாத்திட்டாங்க சார். எழுதுறது, சாப்பிடுறது, பரிமாறுறது எல்லாம் சோத்தாங்கைதான். இது மட்டும்... உளியைப் பிடிச்ச அன்னைக்கே பீச்சாங்கைக்குப் போயிருச்சு. கதவைச் சாத்திக்கிட்டுத்தானே செய்யறோம்னு விட்டுட்டேன்."

"முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். எனக்கே தெரியாதே!" என்றார் மாமனார்.

"நீங்க கேட்டாத்தானே?"

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். "வேலை சுத்தமா இருக்கு. குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா நிறுத்துற பொத்தான் ஓட்டுறவங்க கைக்கு எட்டணும். ஓடுற மிஷினைத் தாண்டிக் கை போகக்கூடாது. நான் இதுல கையெழுத்துப் போட முடியாதும்மா." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மருமகளின் முகத்தையும் பார்த்திருக்கவேண்டும். "அடுத்த தெருவுல இன்னொரு வீடு பார்க்கணும். மூணு மணிக்கு இந்த வழியாத்தான் போவேன். அதுக்குள்ள மாத்தி வச்சா, இறங்கிப் பார்க்கிறேன். அதுக்கப்புறம் அடுத்த வாரம்தான்."

அவர் போனபின் மருமகள் தலைகீழாகக் கவிழ்த்திருந்த வண்ண டப்பா ஒன்றன்மேல் உட்கார்ந்தாள்.

"கைப்பக்கம்னு சொன்னீங்களே, அத்தை."

"என் கைப்பக்கம்னுதாம்மா சொன்னேன்."

"அன்னைக்கு நான் பொத்தானை மாட்டும்போது பக்கத்துலயே நின்னீங்க. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே?"

"நீ அவ்வளவு ஆசையா மாட்டிட்டு, தள்ளி நின்னு அழகு பார்த்த. அதைப் போய் எப்படிக் கழட்டச் சொல்றது?" மாமியார் இயந்திரத்தின்மேல் கிடந்த சுருள்களை ஒரு கையால் கூட்டி மறு கையில் ஏந்தினார். "போதும்மா. நாலு நாளா நீ பட்ட பாடே பெருசு. நாளைக்கு அவரு வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

மருமகள் அந்த வீட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகளில் மாமியாரிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினாள்.

"இந்தப் 'போதும்'க்கு நான் அர்த்தம் கண்டுபிடிச்சதெல்லாம் போதும் அத்தை! நீங்க ஒண்ணு சொல்லுவீங்களாம், நான் ஆறுன்னு புரிஞ்சுக்கணுமாம். கைன்னு சொல்லுவீங்களாம், எந்தக் கைன்னு நான் ஜோசியம் பார்க்கணுமாம். பொத்தான் தப்பா இருந்தா விரல் போயிரும், தெரியுமா? இதுல என்ன மரியாதை, என்ன கூச்சம்?" காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மாமியாரின் இடக்கைக்குள் திணித்தாள். "நீங்களே குறிங்க. எங்க வேணுமோ அங்க. சுவர் உங்களது, மிஷின் உங்களது, கையும் உங்களது."

வாசலில் நின்ற மாமனார், ஆயுளில் முதன்முறையாகத் தும்மலை நடுவழியில் நிறுத்திவைத்தார்.

மாமியார் பென்சிலைப் பார்த்தார். பிறகு இயந்திரத்தின் முன் போய்க் கால்களை அகட்டி ஊன்றினார். ஓடாத இயந்திரத்தில், இல்லாத உளியைப் பிடித்துக் கடைவதுபோல் கைகளை அசைத்தார். கண்களை மூடிக்கொண்டார். அசைந்தவாறே இடுப்பை இடப்பக்கமாக ஒரு முறை இடித்தார், மறுபடியும் இடித்தார். கண்ணைத் திறந்து குனிந்து, இயந்திரம் நின்ற மரத்தாங்கியின் இடப்பக்கக் காலில் அழுத்தமாக ஒரு வட்டம் போட்டார்.

"சுவத்துல வேண்டாம். இங்க."

"அத்தை, அது கால் அத்தை."

"ஆமா. உளி துள்ளும்போது ரெண்டு கையும் உளியிலதாம்மா இருக்கும். எந்தக் கையை எடுத்தாலும் தப்பு. இடுப்பால இடிச்சா நிக்கணும். பொத்தானைத் தேடவே கூடாது." அவர் குரலில் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "முடியுமா, முடியாதா?"

எட்டு ஆண்டுகளில் எத்தனையோ பட்டறைகளுக்கு மருமகள் கம்பி இழுத்திருக்கிறாள். கை இரண்டும் வேலையில் இருக்கும்போது பொத்தானை எதனால் அழுத்துவது என்று அவளிடம் எவரும் கேட்டதில்லை, அவளுக்கும் தோன்றியதில்லை. அவள் டப்பாவிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"முடியும்! மாமா, வண்டியில வளையுற குழாய் ஒரு சுருள் கிடக்கும், ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க!"

மணி பன்னிரண்டே முக்கால். மெயினை நிறுத்திவிட்டுச் சிவப்புப் பொத்தானைக் கழற்றினாள். பழைய கம்பி புதிய இடத்துக்கு எட்டவில்லை. குழாய்க்குள் ஒட்டுப்போடுவது ஆகாது. ஆதலால் பெட்டியிலிருந்தே முழுநீளத்தில் புதுக் கம்பி இழுக்கவேண்டியதாயிற்று. ஒரு முனையில் அவள் தள்ள, மறுமுனையில் மாமனார் இழுத்தார். இரண்டாவது வளைவில் கம்பி அடம்பிடித்து நின்றது.

"இழுங்க மாமா!"

"இழுக்கிறேன்! இது நம்ம வீட்டுக் கம்பிதானே? ஏன் சம்பந்தி வீட்டுக் கம்பி மாதிரி முறுக்குது?"

"நகருங்க ரெண்டு பேரும்," என்றார் மாமியார். விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவோடு திரும்பினார். கம்பியின்மேல் அதைத் தாராளமாகத் தூவி, உள்ளங்கையால் உருவிவிட்டார். அதன்பின் கம்பி எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பாதிப் பவுடர் கம்பியில் போக, மீதிப் பவுடர் காற்றில் பறந்து சேரவேண்டிய மூக்கைச் சேர்ந்தது. மாமனார் கம்பியை விடாமலேயே ஏழும் தும்மினார். ஒவ்வொரு தும்மலுக்கும் கம்பி ஒரு முழம் முன்னேறிற்று.

"தும்முங்க மாமா, இன்னும் ரெண்டு முழம்தான்!"

ஆனால், நடுமதியத்தில் புதியதோர் இடையூறு முளைத்தது. கேட்டே பழகாதவர் கேட்கத் தொடங்கியிருந்தார்.

"ஏம்மா, இந்த லைட்டு இடது பக்கமிருந்து அடிக்குதே. என் கை நிழலே உளி முனையில விழுது. அதை வலது பக்கம் மாத்திரலாமா?"

"மாத்திரலாம் அத்தை."

"அப்படியே அந்த மூலைப் பாயிண்டைக் கொஞ்சம் மேல தூக்கினா, ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டியதில்லை."

"சரி அத்தை."

"ரேடியோவுக்கு ஒண்ணு வேணும். வேலை செய்யும்போது பாட்டு இருந்தா நல்லா இருக்கும்."

"அத்தை! மூணு மணிக்கு ஆள் வர்றாரு!"

"நீதானே குறிக்கச் சொன்ன?" பென்சில் இன்னமும் இடக்கையிலேயே இருந்தது. சுவரில் வட்டங்கள் பெருகிக்கொண்டே போயின. மாமனார் அதைப் பார்த்துவிட்டு மருமகளின் காதருகே குனிந்தார். "கரண்ட்டு, அணையைத் திறந்துட்ட. இனிமே அடைக்க முடியாது. நான் பாட்டுக்குத் தும்மிக்கிட்டு நிம்மதியா இருந்தேன்!"

விளக்கும் மூலைப் பாயிண்டும் மாறின. வானொலிப் பாயிண்டை நாளை பார்ப்பதாக ஒப்பந்தம் ஆயிற்று. இரண்டு ஐம்பதுக்குச் சிவப்புப் பொத்தான் தாங்கியின் காலில், பென்சில் வட்டத்துக்கு நேர்மேலே அமர்ந்தது. மருமகள் எல்லா இணைப்புகளையும் மறுபடி அளந்து, கடைசித் திருகாணியை முடுக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஆய்வாளர் முதலில் சுவரைப் பார்த்தார். பொத்தான் இருந்த இடத்தில் மூடி மட்டுமே இருந்தது. வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார்.

"எங்கே?"

"மிஷினை ஓட விடறேன் சார், தெரியும்," என்றார் மாமியார்.

கட்டை சுழன்றது, சுருள் பறந்தது. ஆய்வாளர் இம்முறை தந்திரம் செய்தார். 'நிறுத்துங்க' என்று சொல்லாமல், சட்டென்று கையை ஓங்கித் தட்டினார். தட்டிய ஓசை அடங்குமுன் மாமியாரின் இடுப்பு இடித்தது. இயந்திரம் மூச்சடங்கி நின்றது. உளியிலிருந்து ஒரு கைகூட விலகவில்லை.

"இன்னொரு தடவை," என்றார் ஆய்வாளர்.

இன்னொரு தடவை மட்டுமா? மாமியார் நான்கு தடவை செய்து காட்டினார். ஐந்தாவதைச் செய்து பார்க்க ஆய்வாளருக்கே ஆசை வந்துவிட்டது. பைகளைக் காலிசெய்துவிட்டு இயந்திரத்தின்முன் நின்று தாமும் ஒருமுறை இடித்துப் பார்த்தார். நெடிய உருவமாதலால் பொத்தான் அவருக்குத் தொடையில்தான் பட்டது. ஆனாலும் இயந்திரம் நின்றது.

"இது யாரோட யோசனை?"

"அத்தையோடது சார்," என்றாள் மருமகள்.

"அவ போட்ட வயர் சார்," என்றார் மாமியார்.

"பள்ளம் நான் தோண்டினது. அதையும் எழுதிக்கோங்க," என்றார் மாமனார்.

ஆய்வாளர் நான்கு பேனாக்களுள் நீலத்தை எடுத்தார். கையெழுத்திட்டு, தாளை மருமகளிடம் நீட்டினார். வேலை செய்தவர் என்ற இடத்தில் அவள் தன் கையெழுத்தை இட்டாள். முதற் கையெழுத்தாதலால் அது சற்றுப் பெரிதாகவே விழுந்தது. "என் தம்பியும் மரவேலை செய்யுறவர்தான். அவர்கிட்ட இந்தப் பொத்தானைப் பத்திச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போய்விட்டார். 'ம்' என்பது பாராட்டுத்தான் என்று அப்போது தெளிவாயிற்று.

மாமியார் முன்றானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "போனைக் குடுங்க."

"நான் பேசி அவருகிட்டச் சொல்லிடறேன். நீ சங்கடப்படாதே," என்றார் மாமனார்.

"வேண்டாங்க. நானே பேசறேன்."

எண்ணை அழுத்தி, தொலைபேசியை இடக்காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் இருந்தவரின் குரல் கொட்டகை முழுவதும் கேட்டது. வண்டிக்கு ஏற்பாடு செய்தாயிற்று, நாளை சரியாகப் பன்னிரண்டுக்கு வருகிறேன் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

"மன்னிச்சுக்கோங்க. மிஷினைக் குடுக்கிறதா இல்லைங்க," என்றார் மாமியார்.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க! வேற யாராவது கேட்டுட்டாங்களா?"

மாமியார் மருமகளைப் பார்த்தார். அவருடைய உதட்டோரம் துடித்தது. "ஆமாங்க, கேட்டாச்சு."

"யாரும்மா அது? எனக்கு முன்னாடி கேட்டது?"

"நான்தாங்க," என்றார் மாமியார். "கொஞ்சம் தாமதமாத்தான் கேட்டேன்."

மறுமுனை விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. மாமனார் சிரிக்கப்போய்ப் பவுடரை உள்ளிழுத்துத் தும்மலில் முடித்தார். மருமகள் கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து, நான்கு நாள்களுக்குப்பின் முதன்முறையாகக் காலை நீட்டிக்கொண்டாள். உள்ளே இயந்திரம் மீண்டும் சுழலத் தொடங்கிற்று. கதவு அகலத் திறந்தே கிடந்தது. மரச்சுருள்கள் வெயிலில் மின்னிக்கொண்டு வாசல் வரை வந்து விழுந்தன.